வெகுளியிலிருந்து பெருமிதத்திற்கு: தாராவித் தமிழ் ராப் இசை குறித்த மெய்ப்பாட்டியல் நோக்கு

முன்னுரை

ராக் இசையையும் அதன் பின்வந்த ராப் இசையையும் சினத்தின் வடிகால் எனக் கூறுவது திறனாய்வில் நெடுநாளைய வழக்கமாக உள்ளது. 1970களின் பிற்பகுதியில் இலண்டனில் எழுந்த பங்க் ராக், அதே காலத்தில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் தோன்றிய ராப் ஆகிய இரண்டும் இவ்வாறே விளக்கப்பட்டன. இரண்டும் இசையமைப்பால் வேறுபட்டவை. ஆயினும் வேலையும் மதிப்பும் மறுக்கப்பட்ட இளைஞரின் குரலாக அறியப்பட்டமையில் ஒன்றுபடுகின்றன. மும்பைத் தாராவியிலிருந்து எழுந்த தமிழ் ராப் இசையும் இன்று இதே சொல்லால் சுட்டப்படுகிறது. 'வடிகால்' என்னும் இக்கருத்து அவ்விசையை விளக்கப் போதுமானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

வடிகால் கருத்தின் போதாமை

வடிகால் என்பது தேங்கிய நீரை அகற்றுவது. நீர் வடிந்தபின் அது தேங்கியதற்கான காரணத்தை எவரும் வினவுவதில்லை. சினத்திற்கு இவ்வுவமை பொருந்துமா என்பதை உளவியலாரும் ஆராய்ந்துள்ளனர். பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சினமூட்டியவரை எண்ணிக்கொண்டே குத்துப்பையை அடித்தவர்களின் சினம் தணியவில்லை. எதுவும் செய்யாமல் அமர்ந்திருந்தவர்களைக் காட்டிலும் அவர்கள் மிகுந்த சினத்துடன் இருந்தனர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லியா ஷார்மன், ஜெனிவீவ் டிங்கிள் ஆகியோர் ஹெவி மெட்டல், பங்க் முதலிய கடுமிசை கேட்கும் 39 பேரிடம் நிகழ்த்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. சினமூட்டப்பட்ட நிலையில் அவ்விசையைக் கேட்டோரிடம் இதயத்துடிப்பு தணியவில்லை, பகையுணர்வோ குறைந்தது, ஊக்கம் பெருகியது. அமைதியாக அமர்ந்திருந்தோரிடமும் பகையுணர்வு குறைந்தது என்பதையும் மறைத்தற்கில்லை. எனினும் உடலின் கிளர்ச்சி நீடிக்கும்போதே உணர்வு வேறொன்றாக மாறுகிறது என்பது இங்குக் கருதத்தக்கது. இதனை வடிதல் என்பதினும் மாறுதல் என்பதே பொருந்தும். எதுவாக மாறுகிறது என்னும் வினாவிற்கு மெய்ப்பாட்டியல் விடை தருகிறது.

வெகுளியின் நிலைக்களன்கள்

மெய்ப்பாடு எட்டனுள் வெகுளியும் ஒன்று. அதற்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுக்கிறார். இந்நான்கும் வெகுள்பவனின் இயல்பைச் சுட்டுவன அல்ல. அவனுக்கு இழைக்கப்பட்டவற்றைச் சுட்டுவன. வெகுளியை உள்ளத்தின் குறையாகக் காணாமல், புறத்தே நிகழ்ந்த தீங்கின் விளைவாகக் காணும் நோக்கு இது.

உறுப்புகளைக் குறைத்தல் உறுப்பறை என்றும், மனைவி, சுற்றம், குடிப்பிறப்பு ஆகியவற்றுக்குக் கேடு சூழ்தல் குடிகோள் என்றும், கோல்கொண்டு அலைத்தல் முதலியன அலை என்றும் பேராசிரியர் விளக்குகிறார். கொலை என்பதற்கு அவர் கொள்ளும் பொருள் சிறப்பாக நோக்கத்தக்கது. உயிரைக் கொல்லுதல் என்னாது, ஒருவரது அறிவையும் புகழையும் சொல்லால் அழித்தல் என்றே அவர் உரை காண்கிறார். தன்னைச் சிறுமைப்படுத்தியமையால் எழும் நோவே சினத்தின் வேர் என அரிஸ்டாட்டில் தம் சொல்லாட்சிக் கலை நூலில் கூறுவதும் இவ்வுரையோடு ஒப்புநோக்கத்தக்கது.

பெருமிதத்திற்கு உரிய நிலைக்களன்கள் கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன. வெகுளியின் நிலைக்களனாகிய கொலையில் அழிக்கப்படுவன அறிவும் புகழும். பெருமிதத்தின் நிலைக்களன்களில் இடம்பெறுவன கல்வியும் புகழும். எவை கொல்லப்படுவதால் வெகுளி பிறக்கிறதோ அவை மீட்கப்படுவதால் பெருமிதம் பிறக்கிறது எனலாம். தொல்காப்பியர் இவ்விரண்டையும் வெளிப்படையாக இணைக்கவில்லை. பேராசிரியர் உரையை ஏற்றால் இத்தொடர்பு தானே புலப்படுகிறது.

தாராவியும் வெகுளியும்

திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடிபெயர்ந்த தமிழர் தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் பெரும்பங்கு கொண்டிருந்தனர். உடலை வருத்தும் உழைப்பு அங்கு உண்டெனினும் அதனை உறுப்பறை என்பது மிகைப்படக் கூறலாகும். ஏனைய மூன்றும் நேரே பொருந்துகின்றன. 1966இல் தொடங்கப்பட்ட சிவசேனை, தென்னிந்தியரை வேலைகளைப் பறிக்க வந்தவராகக் காட்டிப் பரப்புரை செய்தது. தென்னிந்திய உணவகங்கள் தாக்கப்பட்டன. இஃது அலை. குடியிருப்பு எந்நேரமும் இடிக்கப்படலாம் என்னும் அச்சமும், 2004 முதல் பல வடிவங்களில் தொடர்ந்துவரும் மறுசீரமைப்புத் திட்டத்தில் தமக்கு இடம் உண்டா என்னும் ஐயமும் குடிகோளின்பாற்படும். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் பெயரில் தம்மை நாயொடு சேர்த்துக் கூறும் சொல் இருப்பதை எதிர்த்து 2009இல் மும்பையின் குடிசைவாழ் மக்கள் போராடினர். அப்போராட்டத்திற்குக் காரணமான இழிவே பேராசிரியர் கூறும் கொலையாகும்.

1960களின் பரப்புரை தாராவித் தமிழரை மட்டுமன்றி மாட்டுங்கா, செம்பூர்த் தமிழரையும் தாக்கியது. மாட்டுங்காவை ஒட்டி, 1952இல் தோன்றிய சண்முகானந்தா சபையின் அரங்கம் 1963இல் எழுந்தது. 1990இல் தீக்கிரையாகிப் பின் மீண்டும் கட்டப்பட்டது. கர்நாடக இசை பேணும் சபைகளின் வழியே மாட்டுங்கா, செம்பூர் நடுத்தரத் தமிழர் தம் புகழை நிலைநாட்டினர் எனக் கொள்ள இடமுண்டு. அவ்வரங்கிற்கு அண்மையிலேயே உள்ள தாராவி இளைஞருக்கு அரங்கம் தெருவாயிற்று. நெகிழிப் பீப்பாயும் வண்ணப் பூச்சு வாளியும் தாளக்கருவிகளாயின. குப்பை பொறுக்கும் சிறுவர்கள் இத்தகைய கழிவுப்பொருள்களை முழக்கி இசைத்த 'தாராவி ராக்ஸ்' குழு இதற்குச் சான்று.

'காலா' பாடல்கள்

பா. இரஞ்சித் இயக்கத்தில் 2018 ஜூன் 7 அன்று வெளிவந்த 'காலா', தாராவித் தமிழரின் நிலவுரிமையைப் பொருளாகக் கொண்டது. சந்தோஷ் நாராயணன் இசையமைத்த இப்படத்தின் பாடல்களில் தாராவியைச் சார்ந்த டோப்அடெலிக்ஸ் குழுவினர் ராப் எழுதிப் பாடினர். 1987இல் வெளிவந்த 'நாயகன்' திரைப்படத்திலும் மும்பைத் தமிழரின் சினம் பொருளாயிற்று. ஆனால் அங்கு அது ஒரு தலைவனின் உடலில் தங்கியது. மக்கள் அவனால் காக்கப்பட்டனர். 'காலா'வில் வெகுளி தெருவில் நிற்கும் பலருடைய குரலாகப் பரவுகிறது. பலர் மாறிமாறிச் சொல்லெடுக்கும் ராப் வடிவம் இதற்கு இயைந்த கருவியாகிறது.

பாடற் பெயர்களே சினம் செல்லும் திசையைக் காட்டுகின்றன. அறிவு எழுதிய பாடலுக்கு 'உரிமையை மீட்போம்' என்பது பெயர், இழந்ததைத் திரும்பப் பெறுதலே அதன் வினையாகிறது, பழிவாங்குதல் அன்று. கபிலனும் பிறரும் எழுதிய 'கற்றவை பற்றவை' என்னும் தலைப்பு கல்வியையும் தீயையும் ஒரே மூச்சில் இணைக்கிறது. இப்பாடலில் மலேசியத் தமிழ் ராப் முன்னோடி யோகி பி குரல் கொடுத்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. டோப்அடெலிக்ஸ் பங்குபெற்ற 'தெருவிளக்கு' என்னும் பெயரோ, வீட்டில் வெளிச்சம் இல்லாதவர் படிக்க நாடும் இடத்தை நினைவூட்டுகிறது. வெகுளி எழும் இடங்களிலெல்லாம் கல்வியும் புகழும் உடன்வருதல் தற்செயலன்று.

அதே 2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பில், இசையமைப்பாளர் தென்மாவுடன் இணைந்து உருவான 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. கானா, ராப், ராக், பறை ஆகியவை அங்கு ஒன்றாக ஒலித்தன. அயோத்திதாசர் வழங்கிய 'சாதிபேதமற்ற தமிழர்' என்னும் தொடரை அடியொற்றிய பெயர் அது. சாதியின் பெயரால் கொல்லப்பட்ட புகழை மீட்கும் முயற்சி குழுவின் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது.

பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்டு, புகழ்பெற்ற நடிகரால் விற்கப்படும் படத்தில் சினமும் ஒரு சரக்கே என மறுக்கலாம். அம்மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் காரணத்தை மறைத்து ஒலியை மட்டும் தருகையிலேயே சினம் சரக்காகிறது. 'காலா' பாடல்கள் நிலம் என்னும் காரணத்தைப் பெயர் சொல்லிச் சுட்டுகின்றன.

செல்லாவிடத்துச் சினம்

வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவர், தன்னினும் வலியார்மேல் கொள்ளும் சினம் தனக்கே தீங்காகும் என்பதைச் சுட்டுகிறார். ஆற்றலற்றவரின் சினத்திற்குரிய இடர் இதுவே. 1997 ஜூலை 11 அன்று காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது காவலர் சுட்டதில் 10 பேர் மாண்டனர். சில நாட்களில், மராத்தியப் பாடகரும் கவிஞருமாகிய விலாஸ் கோக்ரே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' ஆவணப்படம் இதனைப் பதிவு செய்துள்ளது. பாடல் வடிகாலே எனின், வாழ்நாளெல்லாம் பாடிய ஒருவரிடம் சினம் தேங்கியிருக்க இடமில்லை. ஒருவர் உயிர்நீத்த காரணத்தை முழுதும் அறிந்தோம் எனக் கூறுதல் தகாது. எனினும் பாடுவதால் மட்டும் சினம் தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கு அம்மறைவு அழுத்தமான சான்றாகும். பாடலைக் கேட்கும் செவியும், மீட்கப்பட்ட புகழை ஏற்கும் சமூகமும் இல்லாதவிடத்து வெகுளி பெருமிதமாக மாறுவதில்லை.

கண்ணகியின் சினமும் இங்கு எண்ணத்தக்கது. அவள் முதலில் சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். கணவன் கள்வன் என்னும் பழியை நீக்கினாள். அதன்பின் எழுந்த தீயிலும் முதியோர், குழவியர் முதலியோரை விலக்கினாள். காரணமும் திசையும் உடைய வெகுளி அது. அவள் வழக்கைக் கேட்கவும் தவற்றை ஏற்கவும் ஓர் அவை இருந்தது. ரமாபாய் நகரில் அஃது இல்லை.

முடிவுரை

தாராவித் தமிழ் ராப் இசையை வடிகால் என்று கூறுவது, பாடுவோரின் உள்ளத்தை மட்டும் நோக்கி, அவ்வுள்ளத்தைக் கொதிக்கச் செய்தவற்றை மறந்துவிடுகிறது. வெகுளியை அதன் நிலைக்களன்களால் வரையறுக்கும் தொல்காப்பியமும், கொலையைப் புகழழிவாக விளக்கும் பேராசிரியர் உரையும் அம்மறதியைத் திருத்துகின்றன. இவ்விசையில் வெகுளி வடிவதில்லை. கொல்லப்பட்ட அறிவையும் புகழையும் மீட்டுப் பெருமிதமாக மாற முயல்கிறது. அம்முயற்சி முற்றுப்பெறுவது பாடுவோரை மட்டும் சார்ந்ததன்று, கேட்போரையும் சார்ந்தது. ஆதலின் இப்பாடல்களை நாட்டுப்புறவியலின் ஓரத்திலோ திரையிசையின் பட்டியலிலோ நிறுத்திவிடாமல் மெய்ப்பாட்டாய்வின் பாடமாகக் கொள்வது தமிழ்த்துறைகளின் கடமையாகிறது.