நற்றாயும் செவிலியும்: 'மேரி பாப்பின்ஸ்' திரைப்படத்தில் தாய்மை

அகப்பாடல்களைப் பயின்றோர் நற்றாய், செவிலித்தாய் என்னும் இருவரையும் நன்கு அறிவர். ஈன்றவள் ஒருத்தி, வளர்த்தவள் மற்றொருத்தி. தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கு உணர்த்துவாள். செவிலி நற்றாய்க்கு உணர்த்துவாள். களவின்கண் பேசுதற்குரியோர் அறுவர் எனத் தொல்காப்பியம் வகுக்குமிடத்துச் செவிலிக்கு இடமுண்டு, நற்றாய்க்கு இல்லை. மகள் உடன்போக்கிற் சென்ற பின்னரே அவள் புலம்பல் நம் செவியை எட்டுகிறது. தாய்மை ஒருத்தியிடமே அடங்குவதன்று, பலரிடையே பங்கிடப்படுவது என்பதைத் தமிழ் மரபு பண்டே கண்டிருந்தது. அப்பங்கீட்டில் யாருக்கு எது கிடைத்தது என்னும் வினாவை ஆங்கிலத் திரைப்படம் ஒன்றினிடத்து எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்படம் வால்ட் டிஸ்னி தயாரிப்பில், ராபர்ட் ஸ்டீவன்சன் இயக்கத்தில், 1964ஆம் ஆண்டு வெளிவந்த 'மேரி பாப்பின்ஸ்'. பி. எல். டிராவர்ஸ் என்னும் பெண் எழுத்தாளர் 1934இல் வெளியிட்ட நூலைத் தழுவியது. கதை நிகழ்வது 1910ஆம் ஆண்டு இலண்டனில். வங்கி அதிகாரி பேங்க்ஸ் கண்டிப்பே வடிவானவர். அவர் மனைவி வினிஃபிரெட் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடுபவள். இவ்விருவருக்கும் பிள்ளைகளிடம் செலவிட நேரமில்லை. வானிலிருந்து குடையைப் பற்றியவாறு இறங்கி வரும் செவிலி மேரி பாப்பின்ஸ், ஜேன், மைக்கேல் என்னும் அவ்விரு பிள்ளைகளுக்கும் பரிவும் விளையாட்டும் ஒழுங்கும் ஊட்டி, குடும்பம் ஒன்றுபட்டதும் வந்தவாறே பறந்து செல்கிறாள்.

இப்படத்தின் புகழுக்குப் பெருங்காரணம், நடிகரும் கார்ட்டூன் உருவங்களும் ஒரே காட்சியில் கலந்து உலவும் பகுதியாகும். நடைபாதையில் சுண்ணக்கட்டியால் வரையப்பட்ட படத்துள் செவிலியும் பிள்ளைகளும் பெர்ட் என்னும் நண்பனும் குதித்துவிடுகின்றனர். அங்கே பென்குவின் பறவைகள் பரிமாறுகின்றன. இராட்டினக் குதிரைகள் தடம் விட்டு ஓடிப் பந்தயத்தில் வெல்கின்றன. மழை வந்து சுண்ணத்தைக் கரைத்ததும் அவ்வுலகம் மறைகிறது. வெண்திரையில் சோடிய ஆவி விளக்கின் மஞ்சள் ஒளியைப் பாய்ச்சி, அதன்முன் நடிகரை நிறுத்தினர். ஒளிப்பதிவுக் கருவியினுள் இருந்த பட்டகம் அம்மஞ்சள் ஒளியை மட்டும் பிரித்து வேறொரு படச்சுருளிற் பதித்தது. நடிகரின் உருவெல்லை அதனால் துல்லியமாகக் கிடைக்க, ஓவியத்தை அதனோடு பொருத்தினர். மென்வலைத் துணியின் இழையும் சிதையாதவாறு மெய்யுருவும் ஓவியமும் இணைந்தன.

ஓவியத்திற்கும் உயிருக்கும் இடையிலுள்ள கோட்டை அழித்த இப்படம், வேறொரு கோட்டை மட்டும் அழிக்கவில்லை. செவிலி ஓவியத்துள் செல்கிறாள், பிள்ளைகள் செல்கின்றனர், தெருவில் படம் வரைபவனும் செல்கிறான். நற்றாய் செல்வதில்லை. தந்தையும் செல்லவில்லையே எனின், உண்மைதான். ஆயினும் அவ்வுலகத்தில் பிறந்த நீண்ட விளையாட்டுச் சொல் ஒன்று அவரை வந்தடைகிறது. வேலையிழந்து அவமானப்பட்டு நிற்கும் நேரத்தில் அச்சொல்லை உரைத்துச் சிரித்தே அவர் விடுதலை பெறுகிறார். ஓவிய உலகின் அருள் தந்தைக்கு ஒரு சொல்லளவேனும் கிடைத்தது. தாய்க்கு அதுவும் இல்லை. அவள் திருந்துவது எங்ஙனம் என்று காட்டப் படம் ஒரு காட்சியும் ஒதுக்கவில்லை.

மூலநூலை நோக்குங்கால் இப்பங்கீடு மேலும் தெளிவாகிறது. நூலில் வினிஃபிரெட் போராட்டக்காரி அல்லள். அப்பண்பு படத்திற்காகச் சேர்க்கப்பட்டது. நூலில் செவிலி சுண்ண ஓவியத்துள் செல்வது தன் விடுமுறை நாளில். உடன் செல்பவன் பெர்ட் மட்டுமே, பிள்ளைகள் அல்லர். பிறர் பிள்ளைகளைப் பேணும் பெண்ணுக்கும் தனக்கென ஒரு பிற்பகல் உண்டு என்பதே அவ்வியலின் உயிர்க்கருத்து. திரைப்படமோ அப்பிற்பகலையும் பிள்ளைகளுக்கே ஈந்துவிட்டது. காட்சி வளம் பெற்றது. செவிலி தன் ஓய்வை இழந்தாள். தம் கதையில் கார்ட்டூன் கலந்ததை டிராவர்ஸ் இறுதிவரை ஏற்கவில்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

படத்தின் முடிவு இன்னும் கூர்ந்து நோக்கற்குரியது. தந்தை கிழிந்த காற்றாடியை ஒட்டிச் செப்பனிடுகிறார். தாய், வாக்குரிமை வாசகம் பொறித்த தன் தோள்பட்டையைக் கழற்றி அதற்கு வாலாகக் கட்டுகிறாள். கொள்கை வானளாவப் பறக்கிறது என இதற்கு நயம் கூறுவாரும் உளர். அந்நயத்தை முற்றும் மறுத்தற்கில்லை. ஆயின் தந்தை வங்கிப் பணியைத் துறக்கவில்லை. பதவி உயர்வே பெறுகிறார். அவரிடம் வேண்டப்பட்டது அன்பு; அவளிடம் வேண்டப்பட்டதோ கொள்கையின் சின்னம். கதை நிகழும் அதே 1910ஆம் ஆண்டில், நவம்பர் 18ஆம் நாள், நாடாளுமன்றம் நோக்கிச் சென்ற பெண்கள் காவலரால் கொடுமையாகத் தாக்கப்பட்டனர். பிரிட்டனில் ஆணுக்கு நிகரான வாக்குரிமை பெண்ணுக்கு 1928இல்தான் வாய்த்தது. அப்போராட்டத்தை நகைச்சுவைப் பாட்டாக்கி, பிள்ளைகளைப் புறக்கணித்ததற்குக் காரணமாகவும் காட்டியது இப்படத்தின் குறையே.

இதன் தொடர்ச்சியாக ராப் மார்ஷல் இயக்கிய படம் 2018இல் வந்தது. மைக்கேல் இப்போது மூன்று பிள்ளைகளின் தந்தை. அவன் மனைவி இறந்துவிட்டாள். அவள் போற்றிவந்த பீங்கான் கிண்ணம் பிள்ளைகளின் பூசலில் உடைகிறது. அக்கிண்ணத்தில் தீட்டிய ஓவியத்துள்தான் இம்முறை செவிலி பிள்ளைகளை அழைத்துச் செல்கிறாள். கையால் வரைந்த கார்ட்டூனே இங்கும் பயன்பட்டது. களிப்பாய்த் தொடங்கும் அவ்வுலகம் அச்சக் கனவாய் முடிய, செவிலி தாலாட்டுகிறாள். இழந்த பொருள் எங்கும் போய்விடுவதில்லை எனத் தேற்றுகிறாள். முதற்படத்தில் உயிரோடிருந்த தாய்க்கு ஓவியத்தில் இடமில்லை. இரண்டாம் படத்தில் ஓவியமே தாயின் நினைவாயிற்று. தாய் இறந்த பின்னரே அவ்வுலகில் அவளுக்கு இடம் கிடைத்தது என்பது எண்ண எண்ண வருத்துவதாகும்.

செவிலியின் கதை நமக்கு அயலானதன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அயல்நாட்டுப் பணிப்பெண்களின் கைகளில் வளரும் குழந்தைகள் பலர். சங்கச் செவிலியின் மகளாகிய தோழி அவள் அருகிலேயே இருந்தாள். இன்றைய பணிப்பெண்கள் பலரின் மக்களோ கடலுக்கு அப்பால் இருக்கின்றனர். அவர்களுக்கு வார ஓய்வுநாள் சிங்கப்பூரில் சட்டமானது 2013இல்தான். டிராவர்ஸ் தம் செவிலிக்கு 1934இலேயே வழங்கிய பிற்பகலின் அருமை இதனால் விளங்கும்.

மாணவர்க்கு இப்படத்தைக் காட்டும் ஆசிரியர் அதன் இன்சுவையைக் குறைத்துரைக்க வேண்டுவதில்லை. பென்குவின்களைக் கண்டு அவர்கள் மகிழட்டும். மகிழ்ந்த பின், அவ்வோவியத்துள் செல்லாதவர் யார், ஏன் செல்லவில்லை என்று வினவுக. நற்றாயின் மௌனத்தையும் செவிலியின் ஓய்வின்மையையும் ஒருங்கே காணக் கற்ற மாணவர், அகப்பாடலையும் புதுக்கண்கொண்டு படிப்பர்.