இரக்கமும் அறிதலும்

அண்ணாமலையைச் சுற்றிவரும் பாதையில் அடி அண்ணாமலை என்னும் சிற்றூர் உண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பது மரபு. பாடிய புலவரின் பெயரை ஊர் இன்றும் பேணி வருகிறது. இதே மாவட்டத்தில் வாழும் இருளர்களைப் பற்றியும், ஜவ்வாது மலையின் பழங்குடியினரைப் பற்றியும் நம் இலக்கியம் எவ்வளவு அறிந்து வைத்திருக்கிறது?

மனித குலம் பல கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டிருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்பது திருமறையின் 49-ஆம் அத்தியாயம் உணர்த்தும் உண்மை. அறிதல் என்னும் கடமை இரக்கப்படுவதோடு முடிந்துவிடுவதில்லை. இந்த உரைகல்லில் இரு படைப்புகளை உரசிப் பார்ப்போம்.

2021-இல் ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' திரைப்படம் இருளர் துயரைத் தமிழகமெங்கும் பேச வைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டு ஒரு வீட்டினுள் நுழைந்தவனே, பின்னர் அவ்வீட்டு நகையைத் திருடியவனாக்கப்படுகிறான். அவனுடைய அறிவு வேண்டியிருந்தது. அவன்மீது நம்பிக்கைதான் இல்லை. இவ்விடம் படத்தின் சிகரம். ஆயினும், 1993-இல் நிகழ்ந்த உண்மைச் சம்பவத்தில் மாண்டவர் குறவர் சமூகத்தவர், படத்திலோ இருளராகிவிட்டார். இருவரும் ஒடுக்கப்பட்டவர்கள்தாமே என்று சமாதானம் கூறலாம். ஒருவரின் துயரை மற்றவர் பெயரில் எழுதுவது அறிதலாகுமா?

ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் 2004-இல் வெளிவந்தது. வீரப்பன் தேடுதலின் பெயரால் சோளகர்கள் அடைந்த சித்திரவதையே அதன் பொருள். எனினும் ஆசிரியர் எடுத்த எடுப்பில் கொடுமைக்குள் நுழைந்துவிடவில்லை. காடு, வேட்டை, வேளாண்மை, வழிபாடு, தொட்டித் தலைவனின் சொல்லுக்கிருந்த மதிப்பு ஆகியவற்றையெல்லாம் முதற்பகுதியில் நிதானமாகக் காட்டுகிறார். ஆகவே பிற்பகுதியில் அம்மக்கள் இழந்தது எதுவென்று நமக்குத் தெரிகிறது. படத்தினும் நாவல் உயர்ந்து நிற்பது இதனால்தான்.

ஆனால் இரண்டுமே வெளியிலிருந்து வந்தவர்களின் படைப்புகள். இதன் குறை நமக்குத் தெரியாததன்று. தமிழ்க் கதைகளிலும் படங்களிலும் நம்மவர் நெடுங்காலம் ஒரு தொப்பியும் ஒரு கைலியுமாகவே வந்து போயினர். 1988-இல் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நூலாக வந்தபோதுதான், நம் நிறைகளும் குறைகளும் உள்ளிருந்து ஒலிக்கக் கேட்டோம். அக்குரலின் அருமையை உணர்ந்த சமுதாயம் பிறருக்கும் அதையே விரும்ப வேண்டாமா?

இருளர் வரலாற்றை இருளரே எழுதும் நூல்களைத் தேடிப் படிப்போம். பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுப்போம். நம் வீட்டில் பாம்பு பிடிக்க வருபவரின் பெயரைக் கேட்டறிவதிலிருந்தும் அதைத் தொடங்கலாம்.