முதற்பொருளை விட்ட பயணக் கட்டுரைகள்

மேய்ச்சல் சமூகங்களின் ஊருக்குப் போய் ஒருநாள் தங்கி, 'ஆதி வாழ்க்கை'யை அனுபவித்துவிட்டுத் திரும்புவது இன்றைக்கு நல்ல வியாபாரம். கட்ச்சில் ரபாரிகள், ராஜஸ்தானில் ராய்க்காக்கள், நீலகிரியில் தொதவர்கள். கம்பெனிக்காரர் கூட்டிப் போகிறார், போனவர் வந்து எழுதுகிறார், எழுதினதைப் படித்து இன்னும் நாலுபேர் போகிறார்கள். தமிழில் இந்தவகை எழுத்து அதிகமும் தொதவர் தலையில்தான் விடிந்திருக்கிறது. அதனால் அதையே எடுத்துக்கொள்வோம்.

தொதவர் மந்துக்குப் போய்வந்த கட்டுரைகளுக்கெல்லாம் ஒரே வாய்பாடுதான். முதலில் பனிமூட்டம். அப்புறம் பீப்பாயைப் பாதியாய் அறுத்துக் கவிழ்த்த மாதிரி ஒரு குடில், தவழ்ந்து நுழைகிற வாசல். கறுப்பும் சிவப்புமாய்ப் பூவேலை செய்த வெள்ளைப் போர்வை. கட்டாயமாக, ஒருத்திக்குப் பல கணவர் இருந்த பழைய வழக்கம் பற்றி ஒரு பத்தி. அங்கே மட்டும் எழுதுகிறவர் கை கொஞ்சம் துள்ளும். கடைசியில் ஒரு பெருமூச்சு: நாம் நகரத்தில் எதையோ தொலைத்துவிட்டோம், இவர்களிடம் அது பத்திரமாக இருக்கிறதாம். மந்தில் கான்கிரீட் வீடும் டிவியும் இருந்துவிட்டால் போச்சு. 'அசல் தொதவர்' எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவார். தான் மட்டும் மாறிக்கொண்டே இருக்கலாம், பார்க்கப்போன ஆள் மாறக்கூடாது. நல்லா இருக்கு நியாயம்!

இந்தப் பார்வை நேற்று வந்ததில்லை. சென்னைப் படையைச் சேர்ந்த ஹென்றி ஹார்க்னஸ் 1832-லேயே இவர்களை ஓர் அபூர்வ ஆதிகுடி என்று புத்தகம் போட்டார். 1873-ல் வில்லியம் மார்ஷல் என்கிற ராணுவ அதிகாரி, மண்டையின் வடிவத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்கிற அந்தக்கால 'விஞ்ஞான'த்தோடு மந்துக்குள் நுழைந்தார். 1906-ல் ரிவர்சின் பெரிய நூல் வந்தது. இவற்றை ஒரே தராசில் வைக்க முடியாது. ரிவர்ஸ் சேகரித்த வம்சாவளிகள் இல்லாமல் மானிடவியல் வரலாறு பேச முடியாது. ஆனால் 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,000 பேராக இருந்த ஒரு சனத்தைப் பற்றி இத்தனை பக்கங்கள் எழுதப்பட்டிருப்பதை யோசித்துப் பாருங்க. அளவுநாடா போய் கேமரா வந்திருக்கிறது. பார்க்கிறவன் ஒருபக்கம், பார்க்கப்படுகிறவன் ஒருபக்கம் என்கிற ஏற்பாடு மாறவில்லை.

நம்ம தமிழ் வாத்தியார்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. முல்லைக்கலியில் கோவினத்தாயர், கோட்டினத்தாயர், புல்லினத்தாயர் என்று ஆயர்களில் பிரிவு உண்டு. கோட்டினம் என்றால் எருமை. அவ்வளவுதான், தொதவரைச் சங்க காலத்திலிருந்து நேராக இறக்கிவிடலாம்! அவர்களுக்கென்று தனித் திராவிட மொழி இருக்கிறது, தனி வரலாறு இருக்கிறது என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்?

சரி, திணைக் கணக்கிலேயே கேட்போம். தொல்காப்பியம் திணைக்கு முதற்பொருளாக வைப்பது நிலத்தையும் பொழுதையும். விலங்கும் பறையும் உணவும் தொழிலும் கருப்பொருள். அந்த நிலத்தில் விளைபவை. பயணக் கட்டுரைக்காரர்கள் கருப்பொருளை அள்ளி வந்து கடை விரிக்கிறார்கள். முதற்பொருளை விட்டுவிடுகிறார்கள். நிலம் என்ன ஆச்சு?

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் மலையேறினார். கொஞ்ச வருஷத்தில் மந்துகளின் நடுவே ஊட்டி முளைத்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவின் மேற்பகுதியில் இன்றும் ஒரு மந்து இருக்கிறது. பூங்கா பார்க்க வருகிறவர்கள் அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்; எது முந்தியது என்று கேட்பதில்லை. மரம் இல்லாத புல்வெளி ஆங்கிலேயனுக்குச் சும்மா கிடக்கிற இடமாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் கொண்டுவந்தான். சுதந்திரத்துக்குப் பிறகு நம்ம சர்க்காரின் வனத்துறை அதையே இன்னும் பெரிசாகச் செய்தது. குந்தா மின்திட்டத்தில் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகள் கட்டியபோது புல்வெளிகள் தண்ணீருக்கடியில் போயின. முக்கூர்த்தி 1990-ல் தேசியப் பூங்கா ஆனது. எருமை குறைந்தது. பால்மனைக் கோயிலுக்குக் கூரை வேய்கிற புல்லே கிடைப்பது அரிதாகிவிட்டது.

இதில் நமக்கும் ஒரு கணக்கு இருக்கு. சீகைப் பட்டை தோல் பதனிட உதவுவது. ஒருத்தன் மேய்ச்சல் நிலத்தைத் தின்ற மரத்தின் பட்டை, இன்னொருத்தன் கைகாலைத் தின்கிற தோல் ஷாப்புச் சாறாகிறது. மலைக்கும் சேரிக்கும் நடுவில் இப்படி ஒரு சாலை ஓடுவதை எந்தச் சுற்றுலா வரைபடமும் காட்டாது.

எமனோ 1971-ல் வெளியிட்ட தொதவர் பாடல்களின் தொகுதி பெரிய நூல். அந்தப் பாடல்களில் இடங்களுக்கும் பால்மனைகளுக்கும் எருமைகளுக்கும் தனித்தனிப் பெயர் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் வைத்துப் பாடினவர்களின் நிலத்தைத்தான் சும்மா கிடந்த இடம் என்றார்கள். அந்தப் பாட்டை ரசிக்கிறவர்கள் அதை நிலப்பத்திரமாகவும் வாசிக்கப் பழகவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'மரபு' என்றதும் உருகிப்போவது நம்மால் ஆகாது. பழைய நீலகிரி ஏற்பாட்டில் தொதவருக்குப் பானையும் இரும்புச் சாமானும் செய்து கொடுத்தவர்கள் கோத்தர்கள். தொதவர் சாவுக்கு வந்து இசைத்தவர்கள் அவர்கள். அங்கே பலியான எருமையின் உடலை வாங்கிப் போனவர்களும் அவர்கள்தான். அதனாலேயே அவர்கள் தீட்டு. மானிடவியலார் இதை 'பரிமாற்றம்' என்று அழகாக எழுதினார்கள். எங்க ஊரில் செத்த மாடு தூக்கி, சாவுக்குப் பறையடித்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பரிமாற்றத்தின் வாடை நன்றாகத் தெரியும். 1930களில் படகர் ஊர்கள் பலவும் கோத்தர் இசையை விலக்கின. பழசை விடவேண்டும் என்ற குரல் கோத்தருக்குள்ளிருந்தும் எழுந்தது. மலையிலும் மரபை எதிர்த்த மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் எந்தப் பயணக் கட்டுரையிலும் வருவதில்லை. தொதவர்களிலும் பால்மனைக்குள் பெண் நுழையக்கூடாது. அந்தப் பெண்ணிடம் இதைப்பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்காமல், அவள் போர்த்தியிருக்கும் துணியை மட்டும் படம்பிடித்து வருவது என்ன ரசனை?

அந்தப் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைத் தைத்து விற்றுப் பெண்கள் நாலு காசு பார்க்கிறார்கள். அதைக் கேலி செய்யும் தூய்மைவாதம் நமக்கு வேண்டாம். வருகிறவரிடம் போர்வை விற்பதும், வேண்டாமென்று கதவைச் சாத்துவதும், கேரட் போடுவதும், பிள்ளையை நர்சுக்குப் படிக்க வைப்பதும் அவர்கள் இஷ்டம். நம் விமரிசனம் வாங்குகிறவர் மீதும் எழுதுகிறவர் மீதும்தான்.

கிராமத்து அனுபவம் விற்கிறவர்கள் சமவெளியிலும் இருக்கிறார்கள். மாட்டுவண்டி, திண்ணை, தலைவாழை இலை. அது ஊர். சேரிப் பக்கம் வண்டி திரும்பாது. மலையில் நிலத்தை மறைத்து மனிதரைக் காட்டுகிறார்கள். இங்கே மனிதரை மறைத்து நிலத்தைக் காட்டுகிறார்கள். இரண்டிலும் நிலம் யாருடையது என்ற கேள்வி மட்டும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் சமூக உரிமையாக எழுதி வைத்திருக்கிறது. இனி மந்துக்குப் போய்வந்து எழுதுகிறவர் பனிமூட்டத்தை எழுதட்டும், மோரையும் எழுதட்டும். அதோடு, இந்த எருமைகள் எங்கே மேய்கின்றன, அந்தப் புல்வெளி யார் பேரில் இருக்கிறது, உரிமை கேட்டுக் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று மூன்று வரி கேட்டு எழுதட்டும். அப்போது அதை இலக்கியம் என்று நாமும் வாசிக்கலாம்.