மின்னிலக்கியம் நிலைக்குமா?

புதுமை என்ற சொல்லைக் கேட்டவுடனே முகம் சுளிப்பாரும் உளர். கேட்டவுடனே கைதட்டுவாரும் உளர். இருசாராரும் பொருளை ஆராய்வதில்லை. கணினித் திரையிலேயே படிப்பதற்கென்று இயற்றப்பெறும் கதை, கவிதைகளுக்கு மேல்நாடுகளில் இன்று மாநாடுகளும் கண்காட்சிகளும் பரிசுகளும் பெருகியிருக்கின்றன. எழுதியனுப்புமாறு அழைப்புகளும் வருகின்றன. மகிழத்தக்கதே. ஆனால், இன்று மாலை சூட்டப்பெறும் நூலைப் பத்தாண்டு கழித்து ஒருவர் எடுத்துப் படிக்க இயலுமா? பரிசளிப்போரை இக்கேள்வியைக் கொண்டே அளக்கவேண்டும் என்பது நம் கருத்து.

இத்துறையின் மூத்த நூல்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் ஜாய்ஸ் இயற்றிய 'ஆஃப்டர்நூன், எ ஸ்டோரி' என்னும் கதை, 1987-ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்துச் சேப்பல் ஹில் நகரில் கூடிய மாநாடொன்றில் முதன்முதல் காட்டப்பெற்றது. 1990-இல் ஈஸ்ட்கேட் நிறுவனம் அதனைக் கணினி வட்டில் பதித்து வெளியிட்டது. 539 சிறு பகுதிகள். அவற்றைப் பிணைக்கும் இணைப்புகள் 951. பீட்டர் என்பான் காலையில் வழியில் ஒரு விபத்தைக் காண்கிறான். அதில் அகப்பட்டவர்கள் தன் மகனும், தன்னைப் பிரிந்துபோன மனைவியுமோ என்ற ஐயம் அவனை வாட்டுகிறது. ஒரு சொல்லைத் தொட்டால் ஒரு பகுதி வரும். மற்றொன்றைத் தொட்டால் வேறு பகுதி. எச்சொல்லில் வழி உண்டு என்பதற்கு அடையாளமே கிடையாது. சில பகுதிகளோ, வேறு சிலவற்றைப் படித்த பின்னரே திறக்கும்.

இது வெறும் கண்கட்டு வித்தை என்பாரோடு நாம் உடன்படோம். உண்மையை அறிய அஞ்சும் ஒருவன் கேட்டறியத் தயங்கிச் சுற்றிச் சுற்றி வருவதுபோலவே வாசகனும் சுற்றுகிறான். அவ்விபத்துக்குப் பீட்டரே காரணமாயிருக்கலாம் என்னும் குறிப்பு ஆழத்திலே மறைந்து கிடக்கிறது; அங்குச் செல்லாமலே கதையை மூடிவிடவும் கூடும். தாளில் அச்சிட்டிருந்தால் நாலு பக்கம் புரட்டி அவ்விடத்தை எட்டிவிடலாமன்றோ? ஆகவே உருவம் இங்குப் பொருளுக்கு ஊழியம் செய்கிறது. குறையும் இல்லாமலில்லை. வழியறியாது அதே இடத்துக்கு மீண்டும் மீண்டும் வந்து சேருங்கால் சலிப்பு உண்டாகிறது. பால்மரக்காட்டில் காலைமுதல் உழைத்து வந்த தோழர் அதைப் பொறுக்கமாட்டார். அவரை அறியாதவர் என்று பழிப்பது, ஆசிரியர் தம் கடமையைத் தட்டிக்கழிப்பதாகும்.

நிற்க. நூலின் தரம் யாதாயினும், அப்பழைய வட்டை நுழைப்பதற்கு இன்றைய கணினியில் வாயிலே இல்லை. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது 1887-இல். அவர் கைக்கு எட்டிய ஏடுகள், தலைமுறை தலைமுறையாக யாரோ படியெடுத்து வந்தமையால் பிழைத்தவை. படியெடுப்பாரற்ற ஏடுகள் செல்லுக்கு இரையாயின. ஆடிப்பெருக்கிலே ஏட்டை ஆற்றில் விட்டுப் புண்ணியம் தேடிய பேதைமையும் நம்மவர்க்கு உண்டு. அதற்குச் சரியாக நூறாண்டு கழித்துப் பிறந்த கதைக்கோ, ஒரு தலைமுறைக்குள்ளேயே பழைய பொறியைத் தேடியலையும் கதி நேர்ந்துவிட்டது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. 1999-இல் அமெரிக்காவில் தோன்றிய மின்னிலக்கியக் கழகம், 2006-இல் 60 படைப்புகளைத் திரட்டித் தன் முதல் தொகுதியை இலவசமாக வெளியிட்டது. அவற்றுள் பல, பிளாஷ் என்னும் மென்பொருளால் இயங்கியவை. அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் 2020-ஆம் ஆண்டு இறுதியோடு அதனைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அது ஓடாதவாறு தடுத்தும் விட்டது. எழுதியவரையும் கேட்கவில்லை, படிப்பவரையும் கேட்கவில்லை. ஒரு கம்பெனியின் வரவு செலவுக் கணக்கு, ஒரு தலைமுறைக் கவிதையின் வாயை அடைத்தது!

கழகத்தார் வாளாவிருக்கவில்லை என்பதையும் கூறவேண்டும். பிளாஷைப்போல் நடித்துக் காட்டும் ரஃபிள் என்னும் மென்பொருளைக்கொண்டு பல படைப்புகளுக்கு மீண்டும் உயிரூட்டினர். டீன் கிரிகார், ஸ்டூவர்ட் மௌல்த்ராப் என்னும் இருவர், பழைய பொறிகளை இயக்கி, நூலாசிரியர்களையே அவற்றின்முன் அமர்த்திப் படிக்கச் செய்து படம் பிடித்து வைத்தனர். பரிசு விழாவின் ஆரவாரம் எதுவுமற்ற இவ்வேலையையே நாம் பெரிதாக மதிக்கிறோம். அக்கழகம் 2016-இல் வெளியிட்ட மூன்றாம் தொகுதியில் 13 மொழிகளில் 114 படைப்புகள் இடம்பெற்றன. ஆதலின், ஆங்கிலத்தார்க்கே உரிய முற்றம் இது என்று நம் இளைஞர் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை.

இங்கிலாந்தில் 2010-ஆம் ஆண்டு தொடங்கிய புதிய ஊடக எழுத்துப் பரிசுக்குத் தேர்வான படைப்புகளைப் பிரிட்டிஷ் நூலகத்தார் தம் இணையச் சேமிப்பில் படியெடுத்து வைத்தனர். பரிசோடு பாதுகாப்பும் சேர்ந்தது, பாராட்டினோம். 2023 அக்டோபரில் அந்நூலகத்தின் கணினிகளைக் கொள்ளையர் தாக்கினர். அச்சேமிப்பும் நெடுநாள் பொதுமக்களுக்கு எட்டாமற் போயிற்று. ஒரே படியை ஒரே இடத்தில் வைப்பது போதாது என்பதை ஏட்டுச்சுவடி எழுதியவர்கள் முன்னமே அறிந்திருந்தனர்.