இக்பாலின் குறிப்பேட்டில் ஒரு கவ்ல் கதீம்

அல்லாமா இக்பால் 1910 ஏப்ரல் 27ஆம் நாள் ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து லாகூர் திரும்பி இரண்டாண்டுகள்கூட நிறையாத காலம் அது. சில மாதங்களில் எழுதுவதை நிறுத்திவிட்டார். 1938இல் அவர் மறைந்து இருபத்து மூன்றாண்டுகள் சென்றபின், 1961இல், மகனார் ஜாவீத் இக்பால் அதைப் பதிப்பித்தார். ஏட்டின் தலைப்பு ‘ஸ்ட்ரே ரிஃப்ளெக்‌ஷன்ஸ்’. முதலில் ‘தாட்ஸ்’ என எழுதிய சொல்லை நீக்கி ‘ரிஃப்ளெக்‌ஷன்ஸ்’ என்று திருத்தியவர் கவிஞரே. எண்ணியதை மீளவும் எண்ணிப் பார்ப்பதே அவரது நோக்கம் என்பதற்கு இத்திருத்தம் ஒன்றே போதும்.

பாரசீக, உருது மரபில் ‘பயாள்’ எனும் கையேடு உண்டு. பிறர் கவிதைகளில் மனங்கவர்ந்தவற்றைப் படியெடுத்து வைப்பது அதன் வழக்கம். இக்பாலின் ஏடு அவ்வகையைச் சார்ந்ததன்று. முழுதும் சொந்தச் சிந்தனை, அதுவும் ஆங்கிலத்தில். உருதுவிலும் பாரசீகத்திலும் பாடியவர், தம்மோடு தாமே வாதிடும்போது தாம் தத்துவம் கற்ற மொழியை நாடியிருக்கிறார்.

அதிலுள்ள ஒரு குறிப்பு மதரஸாவில் ஓதியவர்களைச் சற்றே திடுக்கிட வைக்கும். தாம் யாருக்கெல்லாம் கடன்பட்டவர் என்று அங்கே கூறுகிறார். ஹெகல், கதே, காலிப், பேதில், வேர்ட்ஸ்வர்த் என ஐந்து பெயர்கள். மாணவப் பருவத்தில் தம்மை நாத்திகத்திலிருந்து காத்தவர் வேர்ட்ஸ்வர்த் என்கிறார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அல்லர். மவ்லானா ரூமியும் அல்லர். பாரசீக மெய்யியலை ஆராய்ந்து 1907இல் ம்யூனிக்கில் பட்டம் பெற்றவர் ரூமியை அறியாதிருந்தார் என்று சொல்ல இயலாது. ஆயினும் அந்தப் பட்டியலில் ரூமி இல்லை. ஐந்தாண்டுகள் கழித்து ‘அஸ்ராரே குதீ’யில் அதே ரூமிதான் கனவில் தோன்றி வழிகாட்டுகிறார். 1932இல் ‘ஜாவீத் நாமா’வின் விண்பயணத்திலும் ரூமியே துணை. ஹெகலோ பிற்காலக் கவிதைகளில் கடும் விமர்சனத்துக்கு உள்ளாகிறார். ஹாஃபிஸின் நிலையும் அத்தகையதே. குறிப்பேட்டில் புகழப்படும் ஹாஃபிஸ், 1915இல் ‘அஸ்ரார்’ முதற்பதிப்பில் சாடப்படுகிறார். எதிர்ப்பு எழுந்தபின், அடுத்த பதிப்பில் அவ்வரிகள் நீக்கப்படுகின்றன.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பக்தாத் காலத்துக் கருத்துகளைக் கவ்ல் கதீம் என்றும், எகிப்தில் கூறியவற்றைக் கவ்ல் ஜதீத் என்றும் நம் ஃபுகஹாக்கள் பிரித்தனர். ஒரு சில மஸ்அலாக்கள் நீங்கலாக, ஃபத்வா ஜதீதின்படியே. இமாமின் சொல்லையே காலம் பார்த்துக் கையாண்ட நாம், இக்பாலின் சொல்லை மட்டும் ஆண்டு குறிக்காமல் மேடையேற்றுகிறோம்.

இதன் விளைவு சிறிதன்று. தேசபக்தி என்பது உருவ வழிபாட்டின் நுட்பமான வடிவம் என்று 1910 குறிப்பேடு கூறுகிறது. 1904இல் ‘தரானாயே ஹிந்தி’ பாடியவரின் கூற்று இது! இந்தக் கூற்றைத் தனியே பிடுங்கி, முஸ்லிம்களுக்கு நாட்டுப்பற்று இல்லை என்று சாதிப்போர் உண்டு. அதையே பெருமையாகப் பேசும் நம்மவரும் உண்டு. இரு சாராரும் கதீமோடு நின்றுவிட்டவர்கள். 1936இல் நேருவுக்கு எழுதிய மறுமொழியில், நாட்டை நேசிப்பதும் அதன் மானத்துக்காக உயிர்துறக்க முன்வருவதும் முஸ்லிமின் நம்பிக்கையைச் சார்ந்தவையே என்கிறார் இக்பால். தேசியம் ஓர் அரசியல் கோட்பாடாகி, இஸ்லாம் பின்னுக்குத் தள்ளப்படும்போதுதான் மோதல் எழுகிறது என்பது அவர் வாதம். இதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அவரது ஜதீத் இதுவே. 1910இல் ஒரே வீச்சில் சொன்னதை இங்கே இரண்டாகப் பகுத்து, ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்குகிறார்.

குறிப்பேட்டில் உள்ள அனைத்தும் கைவிடப்பட்டன என்பதும் பிழையே. மரணத்துக்குப் பிந்திய வாழ்வு தானாக வாய்ப்பதன்று, மனிதன் முயன்று அடைய வேண்டியது என்ற கருத்து இங்கேதான் முளைவிடுகிறது. ‘அஸ்ரார்’ அதை வளர்த்தது; ரூமி வந்த பின்னும் அது மாறவில்லை. ஏட்டின் சில குறிப்புகளை 1917இல் லக்னோவின் ‘நியூ எரா’ இதழில் இக்பாலே வெளியிட்டார். ஏழாண்டுகளுக்குப் பின் அவர் கையாலேயே அச்சேறியவை அவை. ஏட்டிலேயே தங்கிவிட்டவற்றை எடுத்தாள்வோர் ஆண்டையும் சேர்த்துச் சொல்லட்டும்.