சுவருக்குள் சேரும் ஈரம்

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில், கிரேட் மிஸ்ஸென்டன் என்னும் ஊரில், குழந்தைகளுக்குக் கதை எழுதிப் புகழ்பெற்ற ரோல்ட் டால், தம் தோட்டத்தில் அமைத்துக்கொண்ட சிறு குடிலின் உட்சுவர்களில் குளிருக்கு அஞ்சிப் பாலிஸ்டைரீன் பலகைகளைப் பதித்திருந்தார். அதுவும் போதாமல், எழுத உட்காரும்போது கால்களை உறக்கப் பைக்குள் நுழைத்துக்கொள்வார். ஸஸெக்ஸில் ராட்மெல் கிராமத்துத் தோட்டக் குடிலில் எழுதிவந்த வர்ஜீனியா வுல்ஃபுக்கு, கடுங்குளிர் நாட்களில் பேனாவைப் பிடிக்கவும் இயலாமல் வீட்டிற்குள் ஒதுங்க நேர்ந்தது. அயட் செயின்ட் லாரன்ஸில் பெர்னார்ட் ஷா, வெயில் நகரும் திசைக்கெல்லாம் குடிலையே திருப்பிக்கொள்ளும்படி அதைச் சுழல் அச்சின்மேல் நிறுத்தியிருந்தார். எழுதுகோல் பிடித்தவர்களுக்கே இத்தனை ஏற்பாடு வேண்டியிருந்ததென்றால், குளிர்ந்த இரும்பைத் தொட்டுத் தொட்டு வேலை செய்யவேண்டிய மரவேலைக்காரர், தம் தோட்டத்து மரப்பட்டறைக்கு வெப்பக்காப்பு வேண்டுமென்று கருதுவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், அந்நாட்டில் இன்று பலரும் தம் கையாலேயே செய்துகொள்ளும் இந்தக் கட்டுமான வழக்கம், உஷ்ணத்தை நினைத்த அளவுக்கு ஈரத்தை நினைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

முதலில் அதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பழைய ஆங்கிலத் தோட்டக் கொட்டகை என்பது, அரை அங்குலத்துக்கும் மெலிந்த பலகைகளை ஒல்லியான சட்டங்களில் அறைந்து, மண்வெட்டியும் புல்வெட்டும் யந்திரமும் போட்டுவைப்பதற்காக எழுப்பப்பட்டது. அதைப் பட்டறையாக்கியவர் அடையும் முதல் துக்கம் துரு. இரும்பு துருப்பிடிப்பது வெறும் குளிரினால் அன்று. பல நாள் உறைபனியில் குளிர்ந்து கிடக்கும் வார்ப்பிரும்பு ரம்பமேடையின்மீது, அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து வரும் மிதமான, ஈரம் செறிந்த காற்று திடீரென்று வந்து படியும்போது, குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே நீர்முத்துக்கள் அரும்புவதுபோல, அம்மேடை முழுதும் வியர்த்துவிடுகிறது. விரைவிலேயே செம்மண் பூசியதுபோல் துரு படர்கிறது. மரம் ஒட்டும் வெள்ளைப் பசையும் கடுங்குளிரில் படலமாக இறுகாமல், சுண்ணாம்புபோல் வெளுத்து வலுவிழக்கிறது. இவற்றைவிட நுட்பமான சங்கடம் ஒன்று உண்டு: காப்பற்ற கொட்டகையில் பலகையின் ஈரம் நூற்றுக்குப் 16, 18 என்ற அளவில் நிற்க, வெப்பமூட்டிய வீட்டினுள் அது 10க்கும் கீழே இறங்கிவிடுவதால், கொட்டகையில் துல்லியமாகப் பொருத்திய மேஜை, கூடத்துக்கு வந்த சில வாரங்களில் சுருங்கி இணைப்பு விலகிப்போகிறது. வெப்பக்காப்பும் அதனோடு சிறிதளவு இடைவிடாத சூடும் சேர்ந்தால் இம்மூன்று குறைகளும் பெருமளவு நீங்கும். இந்தப் பிரயோஜனத்தை எவரும் மறுக்க முடியாது.

ஆனால் காப்பின் கனத்தைப் பற்றி நிலவும் மோகம் பரிசீலனைக்கு உரியது. 3 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் 2.2 மீட்டர் உயரமும் உள்ள ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம்; சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 65 சதுர மீட்டர். வெளியே 3 டிகிரியும் உள்ளே 18 டிகிரியும் இருக்கும் ஒரு ஜனவரி நாளில், எங்கும் 12 மில்லிமீட்டர் பலகை மட்டும் இருக்குமானால், வெப்பம் ஏறத்தாழ 3,700 வாட் அளவில் வெளியேறிக்கொண்டிருக்கும். சட்டங்களின் வழியே கசிவதை இப்போதைக்கு நீக்கிவிட்டுக் கணக்கிட்டால், 25 மில்லிமீட்டர் பாலியைசோசயனுரேட் நுரைப்பலகை அந்த இழப்பை 700 வாட்டுக்கும், 50 மில்லிமீட்டர் 390 வாட்டுக்கும், 100 மில்லிமீட்டர் 200 வாட்டுக்கும் இறக்குகின்றன. முதல் அங்குலம் மூவாயிரம் வாட்டை மிச்சப்படுத்துகிறது. கடைசி இரண்டு அங்குலமோ இருநூறைக்கூட எட்டவில்லை. இந்த இருநூறு வாட்டுக்காக இரட்டிப்பு விலை கொடுக்கச் சித்தமாக இருக்கும் மனிதர், கதவின் அடியிலும் கூரையும் சுவரும் கூடும் இடத்திலும் விரல் நுழையும் இடுக்குகளை விட்டுவைக்கிறார். அப்பட்டறையின் உட்காற்று மணிக்கு ஒருமுறை முழுதாக மாறினாலே 160 வாட் போய்விடும் என்பதும், காற்று வீசும் நாளில் அது பலமுறை மாறும் என்பதும் அவர் கணக்கில் ஏறுவதில்லை. மலிவான ரப்பர் பட்டையை ஒட்டிக் கதவைச் சரியாகப் பொருத்துவது கடையில் வாங்கும் நுரையைப்போலப் பெருமைக்குரிய வேலையாகத் தோன்றாததே இதற்குக் காரணமோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

இனி ஈரத்துக்கு வருவோம். இந்த வழக்கத்தின் மெய்யான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் 7 கிராமுக்கு மேல் தாங்காது. சுவரின் உட்புறம் வெதுவெதுப்பாகவும் வெளிப்புறம் குளிர்ந்தும் இருக்கும்படி நாம் செய்துவிட்டபின், உள்ளிருந்து கசிந்து செல்லும் காற்று வழியில் எங்கோ ஓரிடத்தில் தன் சுமையை இறக்கிவைக்கவே செய்யும். அந்த இடம், கண்ணுக்குப் புலப்படாத சுவரின் நடுவாக இருக்கிறது. இதை உணர்ந்த தச்சர்கள் வகுத்த கிரமம் தெளிவானது: உட்பலகைக்குப் பின்னே, வெப்பமான பக்கத்தில், நீராவியைத் தடுக்கும் பாலிதீன் தாள், சட்டங்களுக்கு இடையே காப்பு, அதற்கு வெளியே, மழையைத் தடுத்து நீராவியை வெளியே விடும் மூச்சுவிடும் தாள், அதன்மேல் செங்குத்தாக அறைந்த ரீப்பர்களால் உண்டாகும் ஓர் அங்குலக் காற்றோட்ட இடைவெளி, கடைசியில் வெளிப்பலகை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. ஒன்று இடம் மாறினால் ஏனையவற்றின் வேலையும் கெடும்.

புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் இக்கிரமத்தை அனுசரிக்கிறார்கள். ஏற்கெனவே நிற்கும் கொட்டகைக்கு உள்ளிருந்து காப்பு இடுபவர்களே தவறுகிறார்கள். மூச்சுவிடும் தாளும் இடைவெளியும் இல்லாத அந்த மெல்லிய வெளிப்பலகையின் முதுகில் நுரையையோ பாறைக் கம்பளியையோ நெருக்கி அமுக்கி, உள்ளே பிளைவுட் அறைந்து மூடிவிடும்போது, அக்கொட்டகையைப் பல பத்தாண்டுகள் காப்பாற்றிவந்த ஒரே குணத்தை, அதாவது நனைந்தால் இரண்டு பக்கமும் காற்றாடி உலர்ந்துவிடும் ஸ்வபாவத்தை, அவர்கள் பறித்துவிடுகிறார்கள். சாய்ந்தடிக்கும் மழையில் பலகை இடுக்கு வழியே புகும் நீர், முன்பு உட்புறம் வழிந்து மாலைக்குள் காய்ந்தது. இப்போது காப்பில் ஊறி, அடிச்சட்டத்தில் இறங்கி, அங்கேயே தங்குகிறது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் அதை உண்ணத் தொடங்கும். கனடாவின் வான்கூவர் வட்டாரத்தில் 1980களிலும் 1990களிலும் எழுந்த மரச்சட்ட அடுக்குமாடிகள் பல, புகுந்த மழை வெளியேற வழியற்ற சுவர்களால் உள்ளுக்குள்ளேயே அழுகிப்போன கதை கட்டடக்கலை அறிந்தவர்களுக்குத் தெரியும். தோட்டத்துப் பட்டறை அதன் சிறு வடிவம் ஆகிவிடலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டறை வீடு அன்று. அங்கே சமையலும் குளியலும் இல்லை. இரவில் மூச்சுவிட்டு உறங்குவோர் இல்லை. ஆகையால், உள்ளிருந்து எழும் நீராவி சொற்பமே. வீடு கட்டும் நிபுணர்களின் எச்சரிக்கைகளை அப்படியே இங்கே பொருத்துவது மிகையாகும். ஆனால் அந்த அனுகூலத்தை, சூட்டுக்காக வைக்கும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு ஒரே மாதத்தில் அழித்துவிடும்: ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று மேலேயே நீர் ஆவியாகி அறையில் கலக்கிறது. புகைபோக்கி இல்லாத வாயு அடுப்பும் அதே தன்மையது. இறுக மூடிய அறையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் உயிர்கொல்லி வாயுவின் அபாயமும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். பணம் செலவழித்துக் காப்பு இட்டவர் மின்சாரத்தால் சூடேற்றாமல் இவற்றை நாடுவது, நான் அறிந்தவரை, இவ்விஷயத்தில் மன்னிக்க முடியாத ஒரே தவறு.

சட்டமும் இக்கட்டடத்தின் வடிவத்தை நிர்ணயிக்கிறது. இங்கிலாந்தில் எல்லை வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் எழுப்பும் தோட்டக் கட்டடம், தனி அனுமதி பெறாமல் கட்டப்படவேண்டுமானால், 2.5 மீட்டர் உயரத்தைத் தாண்டலாகாது. சிறிய தோட்டங்களில் வேலியை விட்டு விலகிக் கட்ட இடம் ஏது? ஆகவே, தரையைப் பூமியிலிருந்து உயர்த்தித் தாங்கும் மரங்களும், தரைக்காப்பும், கைமரமும், கூரைக்காப்பும் அந்த 2.5 மீட்டருக்குள்ளேயே அடங்கவேண்டியிருக்கிறது. உள்ளே நிற்பதற்கு 2.1 மீட்டர் எஞ்சினால் பாக்கியம். 2.44 மீட்டர் நீளமுள்ள பிளைவுட் தாளை அங்கே நிமிர்த்தி நிறுத்தவே முடியாது. வாழும் அறைக்கு இது குறையன்று. மரவேலைக்காரருக்கோ அன்றாட வேதனை. கூரைக்குக் கனமான காப்பு இடவேண்டுமென்று ஆசைப்படுபவர், ஒவ்வோர் அங்குலத்தையும் தம் தலைக்கு மேலிருந்தே எடுக்கிறார்.

ஓசை விஷயத்திலும் ஏமாற்றம் உண்டு. இலேசான நுரை வெப்பத்தை நிறுத்துமேயன்றி ரம்பத்தின் அலறலை நிறுத்தாது. ஒலியை அடக்குவது எடை. பாறைக் கம்பளியும், உட்புறம் இரட்டைப் பலகையும் இட்டால் அண்டை வீட்டார்க்குச் சிறிது நிம்மதி கிடைக்கும். தீப்பிடிக்காத குணமும் அக்கம்பளிக்கு உண்டு என்பதால், சீவலும் மரத்தூளும் சிதறும் இடத்துக்கு, அதே கனத்தில் குறைவாகவே காப்பளித்தபோதிலும், நுரையைவிட அதுவே ஏற்றது என்பேன்.

எஞ்சியிருப்பது மரத்தூள். மரத்தூள் புற்றுநோயை விளைவிப்பது என்பது நிலைநாட்டப்பட்ட செய்தி. இடுக்கெல்லாம் அடைத்த பட்டறையில், முன்பு காற்றோடு போய்விட்ட நுண்தூள் உள்ளேயே மிதக்கிறது. தூளை உறிஞ்சி வெளியே தள்ளும் யந்திரம் மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றை இழுக்குமானால், நாம் மேலே கண்ட பட்டறையின் காற்று முழுதும் இரண்டே நிமிஷத்தில் வெளியேறிவிடும். அதனோடு போகும் வெப்பம் 5,000 வாட். காப்பில்லாத கொட்டகையே இழக்காத அளவு அது! வடிகட்டிய காற்றை மீண்டும் உள்ளே விடும் ஏற்பாடு செய்தால் சூடு தங்கும். ஆனால் நுரையீரலின் க்ஷேமம் அந்த வடிகட்டியின் தரத்தைப் பொறுத்ததாகிவிடும். நல்ல வடிகட்டிக்குச் செலவழிப்பதும், அதிகமாகத் தூள் கிளப்பும் வேலையைக் கதவு திறந்துவைத்த ஓர் அரைமணி நேரத்தில் முடித்துவிடுவதுமே எனக்குத் தெரிந்த சமாதானம்.

இத்தனைக்குப் பின்னும் கட்ட விரும்புவோர்க்கு, 50 மில்லிமீட்டர் காப்பும், வெளிப்பலகைக்குப் பின்னே அந்த ஓர் அங்குல இடைவெளியும், மண்ணைத் தொடாத அடிச்சட்டமும் போதும் என்று சொல்லத் துணிகிறேன். உட்பலகைகளில் தரையை ஒட்டியுள்ள வரிசையை மட்டும் பசையிட்டு ஒட்டாமல், ஆணியும் அடிக்காமல், திருகாணிகளால் பூட்டிவைக்க வேண்டும்; அவ்வரிசைக்குப் பின்னேயுள்ள பாலிதீன் தாளின் விளிம்பையும் பிரித்து மீண்டும் ஒட்டக்கூடிய நாடாவால் பிடித்துவைக்க வேண்டும். குளிர்காலம் முடிந்த வசந்தத்தில், வடக்குச் சுவரின் மூலையிலிருந்து ஒரு பலகையைக் கழற்றி, அடிச்சட்டத்தை உளி முனையால் குத்திப் பார்த்து, கம்பளியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் பூட்டிவிட ஒரு காலைப்பொழுது போதும்.