விசைப்பலகையும் வழக்குச்சொல்லும்: நாளாந்த மென்பொருள்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

மென்பொருள்களைப் பற்றிக் கருத்துரைப்போர் பெரும்பாலும் இரு சாராராகப் பிரிந்து நிற்றலைக் காணலாம். ஒரு சாரார் பன்னாட்டு நிறுவனங்கள் இலவசமாகத் தரும் செயலிகளைக் கொடையென்று போற்றுவர். மறுசாரார் அவற்றை முதலாளித்துவத்தின் சூழ்ச்சியென்று தூற்றுவர். இவ்விரு முடிபுகளும் கருவியை ஆராயாது, அதன் உடைமையாளரை மட்டும் நோக்கிப் பிறந்தவை. ஒரு கருவியை மதிப்பிட முனைவோர், அதனைக் கையாளும் மக்கள் யாவர், அவர்தம் மொழி அக்கருவியினுள் எந்நிலையில் உள்ளது என்னும் வினாக்களையே முதற்கண் எழுப்புதல் வேண்டும்.

இவ்வினாக்களுக்கு மாத்தளை மாவட்டம் தக்கதோர் உரைகல்லாகும். சிங்கள மக்கள் பெரும்பான்மையினராக வாழும் இம்மாவட்டத்தில் தோட்டத் தொழிலாளர், நகர வணிகர், முஸ்லிம்கள் எனப் பல திறத்தார் தமிழ் பேசுகின்றனர். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. ஆயின், சட்டத்தில் இடம்பெற்ற மொழி படிவத்திலும் கடிதத்திலும் இடம்பெறுவதற்குத் தட்டெழுதும் கருவி வேண்டும். சட்டம் தந்த உரிமையைக் கருவி தடுக்குமாயின் அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

இலங்கைத் தமிழரின் கணினி எழுத்து வரலாற்றில் ‘பாமினி’ எழுத்துரு பெற்ற செல்வாக்கு யாவரும் அறிந்தது. தட்டச்சுப் பொறியிற் பழகிய கைகள் புதிதாக எதனையும் கற்காமலே கணினிக்கு மாற அது வழி செய்தது. எனினும் அதன் இயல்பை நுணுகி நோக்குதல் வேண்டும். பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதும்போது கணினி பதிந்து கொள்வது ஜே, கே, பீ, ஓ ஆகிய ஆங்கில எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையுமே. தமிழ் வடிவம் அவற்றின் மேற் போர்த்தப்பட்ட ஆடை மட்டுமே. எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வாடை களைந்துவிடும். இணையத்தில் தமிழ்ச் சொல்லைத் தேடுவோருக்கு அவ்வாவணம் அகப்படாது. ஒருங்குறிக்கு மாற்றும்போதும், மெய்க்கு முன் தட்டப்பட்ட கொம்புகளை அதற்குப் பின் வைத்து வரிசை திருத்த வேண்டியுள்ளது.

அவ்வாறாயின் அச்சகத்தார் ஏன் பாமினியை விடாது பற்றிக்கொண்டனர்? அறியாமையே காரணம் என்பது பலரின் கருத்து. காலவரன்முறையை நோக்குமிடத்து இக்கருத்து நிலைபெறாது. ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்தது. மைக்ரோசொப்ட் நிறுவனம் ‘விண்டோஸ் 2000’ பதிப்பில் ‘லதா’ எழுத்துருவைச் சேர்த்தது. இலங்கைத் தர நியமங்கள் நிறுவனம் 2008இல் தமிழுக்கான எஸ்.எல்.எஸ். 1326 நியமத்தை வெளியிட்டது. ஆனால் நூல்களையும் மலர்களையும் பக்கமாக்கப் பயன்பட்ட அடோபி நிறுவனத்தின் மென்பொருள்கள் இவற்றோடு ஒத்து நடக்கவில்லை. 2001இல் வெளிவந்த ‘பேஜ்மேக்கர்’ ஏழாம் பதிப்பே அம்மென்பொருளின் இறுதிப் பதிப்பு. ஒருங்குறித் தமிழ் அதற்கு எட்டாத பொருளாயிற்று. அதன் வழித்தோன்றலாகிய ‘இன்டிசைன்’ 2012இன் சி.எஸ். 6 பதிப்பிலேயே இந்திய மொழி எழுத்துக்களைச் செவ்வனே கோக்கும் ஆற்றலைப் பெற்றது. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் புதிய பதிப்புகளை ஒரே தடவையில் விலைக்கு விற்கும் முறையைக் கைவிட்டுச் சந்தா முறையை மேற்கொண்டது. திருமண அழைப்பிதழும் கோயில் விழா அறிவித்தலும் அச்சிட்டு வாழும் சிற்றூர் அச்சகத்தான், மாதந்தோறும் அயல்நாட்டு நாணயக் கணக்கிற் சந்தா செலுத்துவான் என எதிர்பார்த்தல் பொருந்துமா? பாமினியின் நீடிப்புக்கு அச்சகத்தாரின் பழமைப் பற்றைக் காட்டிலும் நிறுவனத்தின் வணிகக் கணிப்பே பெரிதும் பொறுப்பாகும்.

இதன் விளைவு அச்சகத்தோடு முடிந்துவிடவில்லை. கைப்பேசியில் ஓரிரு எழுத்துக்களைத் தட்டியவுடன் முழுச்சொல்லையும் முன்மொழியும் விசைப்பலகைகளும், மொழிபெயர்ப்புக் கருவிகளும் இன்று நாளாந்த வாழ்வின் கூறுகளாகிவிட்டன. கூகிளின் மொழிபெயர்ப்புக் கருவி 2011இல் தமிழையும் ஏற்றது. இத்தகைய கருவிகள் இலக்கண நூலைக் கற்று மொழியறிவன அல்ல. கணினி வாசிக்கத்தக்க வடிவிற் கிடைக்கும் எழுத்துக்களைத் திரட்டி, அவற்றில் அடிக்கடி வரும் சொற்களையும் தொடர்களையும் கொண்டே பயில்கின்றன. எனவே எது ஒருங்குறியில் மிகுதியாக எழுதப்பட்டதோ அதுவே அவற்றுக்குத் தமிழ். சென்னைப் பத்திரிகைத் தமிழ் அங்கு பெருக்கெடுத்து நிற்கிறது. மாத்தளைத் தோட்டங்களின் லயம், பெரட்டு, கவ்வாத்து, கொழுந்து மடுவம் முதலிய வழக்குகள் பாமினிக் கோப்புகளிலும் பழைய நூல்களின் பக்கங்களிலும் அடைபட்டுக் கிடக்கின்றன. மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் போன்றோர் இம்மண்ணின் வாழ்வைத் தமிழ் இலக்கியத்துக்குள் கொணர்ந்தனர். எழுத்தாளர் வென்றெடுத்த அவ்விடத்தைக் கருவி மீண்டும் பறிக்கக்கூடும் என்பதே இங்குள்ள ஆபத்து. தன் பாட்டியின் சொல்லைத் தட்டும் மாணவனுக்கு அதன் கீழே சிவப்புக் கோடு இடப்படுமாயின், பிழை தன்னிடமே உள்ளதென்று அவன் நாளடைவில் நம்பத் தலைப்படுவான்.

எனினும் நிறுவனங்களை மட்டும் குற்றஞ்சாட்டி அமைதல் திறனாய்வாகாது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்திற் பிறந்து கடல் கடந்து வாழ்ந்த ஆர். முத்தையா. ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை 1985இல் தொடங்கியவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். அவர் வடிவமைத்த எழுத்துருக்கள் பின்னர் அப்பிள் நிறுவனத்தின் கருவிகளிலும் இடம்பெற்றன. தமிழர் முன்கூட்டியே ஆக்கி வைத்த பணியை நிறுவனம் எடுத்தாண்டமைக்கு இது சான்று. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களைப் படிமங்களாக்கிக் காத்துவரும் பணி போற்றத்தக்கது. ஆனால் படிமத்திலுள்ள சொல் தேடலுக்கு அகப்பட, எவரேனும் அதனை எழுத்தாக்குதல் வேண்டும்.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். மாணவர் ஊதியமின்றித் தட்டெழுதும் தமிழை நிறுவனங்கள் தம் இலாபத்துக்குப் பயன்படுத்தாவா? பயன்படுத்தும், இதனை மறைத்தற்கில்லை. ஆயினும் எழுதாது விடுவதால் நிறுவனத்துக்கு நேரும் இழப்பு சிறிது; இரத்தோட்டையிலோ உக்குவளையிலோ கைப்பேசியைத் தவிர வேறு கணினி அறியாத மாணவனுக்கு நேரும் இழப்பு பெரிது. எழுத்தாளரின் ஒப்புதலோடு திறந்த உரிமத்தில் வெளியிடப்படும் பனுவல் நிறுவனத்துக்கு மட்டுமன்றி, ‘லிப்ரே ஓபிஸ்’ போன்ற கட்டற்ற மென்பொருள்களை வளர்ப்போருக்கும், தமிழ் விக்கிமூலத்துக்கும், நாளை இம்மாவட்டத்திலேயே தோன்றக்கூடிய நிரலாளனுக்கும் உரித்தாகும்.

ஆகவே மென்பொருளைக் கொடையென வியத்தலும் சூழ்ச்சியென வெகுளுதலும் விடுத்து, அதன் உள்ளே தமக்குரிய இடத்தை அளந்தறிதலே தமிழ் பயில்வோரின் கடன். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு மலையக நூலையேனும் பிழையற ஒருங்குறியில் ஏற்றுமாயின், அது விழா மேடைகளில் நிகழும் மொழிப்பற்று முழக்கங்கள் பலவற்றினும் பயனுடையதாகும். தேயிலைத் தோட்டத்தின் சொல் கருவியினுள் புகும் வரை, அக்கருவி பேசும் தமிழ் முழுமையான தமிழன்று.